வைரஸ்களை எண்ணும் ஒளி நுண்ணோக்கி

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லைக்கு அருகில் அமைந்துள்ள ஊராட்சி பெருமாட்டி. தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் இப்பகுதியில் நீரை அளப்பது புதிய செய்தியன்று. பரம்பிக்குளம்–ஆளியாறு திட்டம் குறித்து 1970-ஆம் ஆண்டில் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி, மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுதோறும் 725 கோடி கன அடி நீர் கேரளத்திற்கு அளந்து தரப்படல் வேண்டும். அந்தக் கணக்கில் குறைவு நேர்ந்தால் உழவர்கள் உடனே கேள்வி எழுப்புவர். ஆனால், நீர் எவ்வளவு வருகிறது என்று அறிவது ஒன்று. அந்நீரில் என்னென்ன கலந்துள்ளன, அவை எந்த அளவில் உள்ளன என்று அறிவது வேறொன்று.

இவ்வேறுபாட்டைப் பெருமாட்டி மக்கள் அனுபவத்தில் உணர்ந்தவர்கள். ஊராட்சிக்குட்பட்ட பிளாச்சிமடையில் 2000-ஆம் ஆண்டில் கொக்கக் கோலா நிறுவனத்தின் குளிர்பான ஆலை இயங்கத் தொடங்கியது. கிணற்று நீர் குறைந்துவிட்டது, சுவையும் மாறிவிட்டது என்று சுற்றுப்புறத்தார் முறையிட்டனர். 2002 ஏப்ரலில் போராட்டம் தொடங்கிற்று. உரமென்று உழவர்களுக்கு வழங்கப்பட்ட ஆலைக் கழிவுச் சேற்றில் காரீயமும் காட்மியமும் இருப்பதை 2003-இல் ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின. அதே ஆண்டில் ஊராட்சி, ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. நீர் கெட்டது என்பதை மக்களின் நாக்கு முதலில் சொல்லிற்று. ஆய்வுக்கூடத்தின் எண்கள் அதை உறுதிப்படுத்திய பின்னர் அம்முறையீட்டைத் தள்ளிவிட இயலவில்லை.

அதே ஆலை வளாகம், 2021 ஜூனில், கோவிட் பெருந்தொற்றின் இரண்டாம் அலையின்போது 550 படுக்கைகள் கொண்ட சிகிச்சை மையமாக மாற்றப்பட்டது. நீரைப் பற்றிய வழக்கில் மூடப்பட்ட இடம், வைரஸ் நோயாளிகளுக்காகத் திறக்கப்பட்டது. வைரஸைப் பொறுத்தமட்டில் நாக்கும் கண்ணும் எதையும் சொல்வதில்லை. இருப்பதையும், இருக்கும் அளவையும் கருவி கொண்டே அறிய வேண்டியிருக்கிறது. அக்கருவிகளுள் மிகப் பழமையானதும், ஒரு காலத்தில் இப்பணிக்கு உதவாது என்று ஒதுக்கப்பட்டதுமான ஒளி நுண்ணோக்கி, இன்று தனித்தனி வைரஸ் துகள்களைக் காணவும் எண்ணவும் பயன்படும் நிலையை அடைந்துள்ளது. இம்மாற்றத்தின் பொருளையும் வரம்பையும் மாணவர்களும் அலுவலர்களும் ஒருங்கே அறிந்திருத்தல் நலம்.

டில்லி கற்பித்த பாடம்

நோய்க்கிருமியைப் பற்றி இரண்டு வினாக்கள் எழுகின்றன. இருக்கிறதா என்பது முதல் வினா. எவ்வளவு இருக்கிறது என்பது இரண்டாவது வினா. சிகிச்சைக்கு முதல் வினாவின் விடை பெரும்பாலும் போதும். நீர் வழங்கல், வடிகட்டிகளின் தரம், தடுப்பு மருந்தின் வலிமை ஆகியவற்றைக் குறித்து முடிவெடுப்பவருக்கு இரண்டாவது வினாவின் விடையும் இன்றியமையாதது.

இதற்கு இந்திய வரலாற்றிலேயே மறக்கவொண்ணாச் சான்று உள்ளது. 1955-ஆம் ஆண்டு இறுதியில் யமுனையின் போக்கு மாறியதால், டில்லி நகருக்கு நீர் எடுக்கும் வஜீராபாத் நிலையத்தில் கழிவுநீர் கலந்தது. பொறியாளர்கள் படிகாரத்தையும் குளோரினையும் கூட்டினர். பாக்டீரியா எண்ணிக்கை கட்டுக்குள் இருந்தது. டைபாய்டு போன்ற நோய்கள் பெருகவில்லை. ஆனால், 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் சுமார் 29,000 பேர் மஞ்சள் காமாலைக்கு ஆளாயினர். பாக்டீரியாவை எண்ணும் முறை இருந்தது; அந்த எண்ணிக்கை சரியாகவும் இருந்தது. நோயை விளைவித்ததோ எண்ணப்படாத வைரஸ். இன்று ஹெப்படைடிஸ்-இ என வழங்கப்படும் அவ்வைரஸின் துகள் 1983-இல்தான் மின்னணு நுண்ணோக்கியில் முதன்முதலாகக் காணப்பட்டது. எண்ணப்படாதது இல்லாததாகிவிடாது என்பதே டில்லி கற்பித்த பாடம்.

ஒளியின் எல்லை

ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரோமீட்டர். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு நானோமீட்டர். மனிதத் தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். காசநோய்க் கிருமியின் நீளம் சில ஆயிரம் நானோமீட்டர். பெரியம்மை வைரஸ் சுமார் 300 நானோமீட்டர். கோவிட் வைரஸ் சுமார் 100. டெங்கு வைரஸ் சுமார் 50. இளம்பிள்ளை வாதத்தை உண்டாக்கும் போலியோ வைரஸ் சுமார் 30.

கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளமோ ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. ஒளி அலையாகப் பரவுவதால், மிக அருகருகே உள்ள இரண்டு புள்ளிகளை எந்த வில்லையாலும் பிரித்துக் காட்ட இயலாது என்பதை ஜெர்மானிய இயற்பியலறிஞர் எர்ன்ஸ்ட் அபே 1873-இல் நிறுவினார். நடைமுறையில் அந்த எல்லை சுமார் 200 நானோமீட்டர். வில்லைகளை எவ்வளவு பெருக்கினாலும் இதற்குக் குறைந்தவற்றின் உருவம் தெளிவடையாது, மங்கல்தான் பெரிதாகும். 1931-இல் தோன்றிய மின்னணு நுண்ணோக்கி இந்தத் தடையைக் கடந்தது. 1930-களின் இறுதியில் வைரஸ்களின் உருவம் முதன்முதலாகப் படமாயிற்று. அதன்பின், வைரஸைக் காண மின்னணு நுண்ணோக்கி, பாக்டீரியாவைக் காண ஒளி நுண்ணோக்கி என்ற பாகுபாடு பாடநூல்களில் நிலைபெற்றது.

இப்பாகுபாடு பெருமளவு சரியானதே. எனினும் அதில் ஒரு நுட்பம் மறைந்துள்ளது. அபேயின் எல்லை, ஒரு பொருளின் வடிவத்தைத் தெளிவாகக் காண்பதற்கும் இரண்டைப் பிரித்தறிவதற்கும் உரிய எல்லை. ஒரு பொருள் அவ்விடத்தில் இருக்கிறது என்று மட்டும் அறிவதற்கு அந்த எல்லை பொருந்தாது. இரவு வானில் விண்மீனின் வடிவத்தை எவரும் காண்பதில்லை. ஆயினும் அதன் ஒளி கண்ணுக்கு எட்டுகிறது. விண்மீன்களை எண்ணவும் முடிகிறது. வைரஸை எண்ணும் ஒளி நுண்ணோக்கி இந்த உண்மையையே அடிப்படையாகக் கொண்டது.

சாயமிட்டுக் கண்டவர்கள்

மின்னணு நுண்ணோக்கி தோன்றுவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்னரே வைரஸ் துகளை ஒருவர் கண்டுவிட்டார். எடின்பரோவைச் சேர்ந்த ஜான் பிரௌன் பூயிஸ்ட், 1886-இல், அம்மைப்பால் கொப்புளத்தின் நீரைச் சாயமிட்டு ஒளி நுண்ணோக்கியில் நோக்கி, மிகச் சிறிய புள்ளிகளைக் கண்டார். வைரஸ் என்ற கருத்தே உருவாகாத காலமாதலால் அவற்றைப் பாக்டீரியாவின் வித்துகள் என்று கருதினார். 1906-இல் ஹாம்பர்க் நகரில் என்ரிக் பாஷென் அதே புள்ளிகளைக் கண்டு அவற்றுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை வலியுறுத்தினார். பெரியம்மை இனத்து வைரஸ்கள் உருவில் பெரியவை. அவற்றின்மேல் சாயம் தடித்துப் படியும்போது உருவம் மேலும் பெருக்கிறது. ஆகவே அவை ஒளியின் எல்லைக்குள் வந்துவிட்டன. பெரியம்மை ஒழிப்புக் காலத்தில், கொப்புளத்தின் அடியிலிருந்து சுரண்டி எடுத்த பொருளைச் சாயமிட்டு நோக்கும் முறை விரைவுச் சோதனையாகக் கையாளப்பட்டது.

வெறிநாய்க்கடி நோய்க்கும் இத்தகைய வரலாறு உண்டு. 1903-இல் இத்தாலியரான அடெல்கி நெக்ரி, நோயுற்ற விலங்குகளின் மூளை நரம்பணுக்களில் சில திட்டுகளைக் கண்டார். அவை தனி வைரஸ்கள் அல்ல. வைரஸ் பெருகும் இடங்கள். எனினும் அவற்றை ஒளி நுண்ணோக்கியில் எளிதாகக் காணலாம். 1907-இல் குன்னூரில் நிறுவப்பட்ட பாஸ்டர் நிலையம் போன்ற ஆய்வகங்களுக்கு இக்கண்டுபிடிப்பு பெருந்துணையாயிற்று. நோயுற்ற விலங்குகள் எல்லாவற்றிலும் இத்திட்டுகள் தென்படுவதில்லை என்பது இதன் குறை. 1958-இல், ஒளிரும் சாயம் பிணைத்த எதிர்ப்பொருளைக் கொண்டு வைரஸ் புரதத்தைக் காட்டும் முறை வந்து அக்குறையை நீக்கியது. அதற்குப் பயன்படும் கருவியும் ஒளி நுண்ணோக்கியே.

மிக அண்மைய வியப்பு, பேருருவ வைரஸ்கள். 1992-இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் ஒரு குளிர்விப்புக் கோபுரத்தின் நீரிலிருந்து கிடைத்த நுண்ணுயிர் ஒன்று, சாயமிட்டபோது ஒளி நுண்ணோக்கியில் நன்கு தெரிந்ததால், பாக்டீரியா என்றே பல்லாண்டுகள் கருதப்பட்டது. அது வைரஸ் என்பது 2003-இல் வெளியாயிற்று. இத்தகைய வைரஸ்கள் மும்பையின் நீர்நிலைகளிலும் இருப்பதை மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2017-இல் விளக்கினர்.

காணாமலே எண்ணுதல்

காண்பதற்கு முன்னரே எண்ணும் வழியும் கண்டறியப்பட்டது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை ஆராய்ந்த டெரெல், 1917-இல், பாக்டீரியா படர்ந்த தட்டில் அவ்வைரஸ்கள் உண்டாக்கும் வெற்றுப் புள்ளிகளை எண்ணினார். ஒரு புள்ளி, அங்கு விழுந்த ஒரு வைரஸின் தடயம். அம்மை வைரஸ்களுக்கு, கோழிமுட்டைக் கருவைச் சூழ்ந்த சவ்வில் தோன்றும் கொப்புளங்களை எண்ணும் முறை பின்பற்றப்பட்டது.

சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஏ. ஆர். ராவும் அயல்நாட்டு வல்லுநர்களும் 1960-களில் நிகழ்த்திய ஆய்வு இங்குக் குறிப்பிடத்தக்கது. பெரியம்மை நோயாளிகளிடமிருந்தும் அவர்களைச் சூழ்ந்த இடங்களிலிருந்தும் வைரஸ் எந்த அளவில் கிடைக்கிறது என்பதை அவர்கள் ஆராய்ந்து வெளியிட்டனர். நோயாளி எப்போது, எதன் வழியாகப் பிறருக்கு நோயைப் பரப்புகிறார் என்பதற்கு அளவின் துணைகொண்டு விடை காணும் முயற்சி அது. தடுப்பு மருந்திலும் அளவே அளவுகோலாக இருந்தது. ஒரு மில்லிலிட்டரில் சவ்வில் கொப்புளம் உண்டாக்கவல்ல அலகுகள் 10 கோடிக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் விதித்தது. அந்த எண்ணைக் கடைப்பிடித்த மருந்தே நாட்டின் மூலைமுடுக்குகளிலும் பயன் தந்தது. இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே மாதத்தில் காணப்பட்டார். 1980-இல் உலகமே அந்நோயினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

இம்முறைகள் உயிருள்ள வைரஸை மட்டுமே எண்ணுவன, ஆகவே நம்பகமானவை. ஆனால், விடைக்குப் பல நாட்கள் காத்திருக்க வேண்டும். வளர்க்க இயலாத வைரஸ்கள் இக்கணக்கில் வருவதே இல்லை.

வெயிலில் தெரியும் தூசி

ஓட்டு வீட்டின் இடுக்கு வழியே உள்ளே விழும் வெயிலில் தூசி மிதப்பதைக் காணாதவர் இல்லை. அறை முழுவதும் தூசி இருக்கிறது. ஆனால், ஒளிக்கற்றை பாயும் இடத்தில் மட்டும், இருண்ட பின்னணியில், ஒவ்வொரு துகளும் ஒளியைச் சிதறடித்து மின்னுகிறது. சீடென்டாஃப், சிக்மோண்டி ஆகிய இருவரும் 1903-இல் இந்த உத்தியையே நுண்ணோக்கியில் புகுத்தினர். பக்கவாட்டில் ஒளியைப் பாய்ச்சி, மேலிருந்து நோக்கினர். ஒளியின் எல்லைக்கு மிகக் குறைந்த பொன் துகள்களும் புள்ளிகளாகத் தெரிந்தன. சிக்மோண்டிக்கு 1925-ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வைரஸ்களுக்கு ஒரு தனி இடர் உண்டு. பொன் துகளைப்போல் அவை ஒளியை வலுவாகச் சிதறடிப்பதில்லை. மேலும், துகளின் விட்டம் பாதியானால், சிதறும் ஒளி பாதியாவதில்லை. 64-இல் ஒரு பங்காகிவிடுகிறது. எனவே, சிதறல் ஒளியை மட்டும் நம்பாமல், துகளையே ஒளிரச் செய்யும் முறை வகுக்கப்பட்டது. அதுவே ஒளிர்சாய முறை.

இம்முறையின் படிகள் எளியவை. நீர் மாதிரியில் ஃபார்மலின் சேர்த்து நுண்ணுயிர்களைச் செயலிழக்கச் செய்கின்றனர். 20 நானோமீட்டர் துளைகள் கொண்ட அலுமினிய ஆக்ஸைடு வடிகட்டியின் வழியே அதைச் செலுத்துகின்றனர். வைரஸ்கள் வடிகட்டியின் மேற்பரப்பில் தங்குகின்றன. மரபுப்பொருளான டி.என்.ஏ.யுடன் சேர்ந்தால் மட்டும் வலுவாக ஒளிரும் சாயத்தை இட்டு, இருட்டில் சில நிமிடங்கள் வைத்துப் பின்னர் நீல ஒளியைப் பாய்ச்சுகின்றனர். கரிய பின்னணியில் பச்சைப் புள்ளிகள் தோன்றும். பெரிதாகவும் பிரகாசமாகவும் இருப்பவை பாக்டீரியா. ஊசிமுனை போன்றவை வைரஸ்கள்.

எண்ணும் கணக்கும் கடினமன்று. எடுத்துக்காட்டாக, ஒரு மில்லிலிட்டர் நீரை வடிகட்டியதாகவும், நுண்ணோக்கியில் ஒரு நேரத்தில் தெரியும் பரப்பைப்போல் 20,000 மடங்கு வடிகட்டியின் பரப்பு இருப்பதாகவும் கொள்வோம். பல இடங்களில் நோக்கியபோது சராசரியாக 50 புள்ளிகள் தெரிந்தால், அந்நீரில் மில்லிலிட்டருக்கு 10 லட்சம் வைரஸ் துகள்கள் உள்ளன என்று பொருள். மக்கள்தொகை மாதிரி ஆய்வில் பழகியவர்களுக்கு இந்த முறை புதிதன்று. மாதிரி சிறிதாயின் பிழை பெரிதாகும். நூறு புள்ளிகளை எண்ணினால் தற்செயல் பிழை சுமார் 10 விழுக்காடு. நானூறு எண்ணினால் 5 விழுக்காடு.

இம்முறையும், இதையொத்த பிற முறைகளும் உலகின் கடல் நீரைப் பற்றிய கருத்தையே மாற்றிவிட்டன. ஒரு மில்லிலிட்டர் கடல் நீரில் ஒரு கோடி அளவில் வைரஸ்கள் இருப்பது இயல்பான நிலை என்பது இன்று தெளிவாகியுள்ளது. கேரளத்திலும், கொச்சியிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் வட்டார மையத்தினர் கொச்சிக் காயலின் வைரஸ்களை ஆராய்ந்துள்ளனர். பருவமழையால் உப்புத்தன்மை மாறும் அக்காயல், இத்தகைய ஆய்வுக்கு மிகப் பொருத்தமான களம்.

சாயமின்றியும் காணலாம்

அண்மைக் காலத்தில் சாயமின்றி எண்ணும் முறையும் வளர்ந்துள்ளது. குளத்தில் இரு கற்களை எறிந்தால் எழும் அலைகள், சில இடங்களில் சேர்ந்து உயர்கின்றன; சில இடங்களில் ஒன்றையொன்று தணிக்கின்றன. ஒளியலைகளும் அவ்வாறே. வைரஸ் துகள் சிதறடிக்கும் மங்கிய ஒளியை, அத்துகள் தங்கியுள்ள பரப்பு எதிரொளிக்கும் வலுவான ஒளியோடு கலக்கச் செய்தால், துகள் இருக்கும் இடத்தில் ஒளியின் அளவு மாறுகிறது. இங்குத் துகளின் விட்டம் பாதியானால் குறிப்பு 8-இல் ஒரு பங்காகவே குறைகிறது. 64-இல் ஒரு பங்காகக் குறைவதில்லை. சிறிய துகள்களுக்கு இது மாபெரும் ஆதாயம். பாஸ்டன் பல்கலைக்கழகத்தினர் 2010-இல், சிலிக்கான் சில்லின் மீது எதிர்ப்பொருள்களைப் படியவைத்து, அவற்றில் சிக்கும் வைரஸ்களை இவ்வகையில் ஒவ்வொன்றாகக் கண்டு, அவற்றின் பருமனையும் மதிப்பிட்டனர். எதிர்ப்பொருள் தனக்குரிய வைரஸை மட்டுமே பிடிப்பதால், எத்தனை என்ற வினாவோடு எது என்ற வினாவுக்கும் விடை கிடைக்கிறது.

மியூனிக் நகர ஆய்வாளர்கள் 2001-இல், ஒற்றைச் சாய மூலக்கூறு பிணைத்த வைரஸ் உயிரணுவுக்குள் செல்லும் பாதையைப் பின்தொடர்ந்தனர். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தினர் 2013-இல், கைப்பேசியின் ஒளிப்படக் கருவியோடு சிறு இணைப்பைப் பொருத்தி, ஒளிர்சாயமிட்ட தனி வைரஸ்களைப் படமெடுத்தனர். ஒளியின் எல்லையைக் கடந்து உருவத்தையும் தெளிவாக்கும் முறைகளுக்காக 2014-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு மூவருக்கு வழங்கப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள், சாயமிட்ட வைரஸ் துகள்களின் படங்களைக் கணிப்பொறியால் ஆராய்ந்து, இன்ஃபுளுயன்சாவையும் கொரோனாவையும் சில நிமிடங்களில் பிரித்தறியும் முறையைக் கோவிட் காலத்தில் உருவாக்கினர்.

எண்ணிக்கையின் வரம்புகள்

இவ்வளவு வளர்ச்சியைக் கண்டு, ஊர்தோறும் ஒரு நுண்ணோக்கி வைத்தால் வைரஸ் நோய்கள் அடங்கிவிடும் என்று எண்ணுவது தவறாகும். இவ்வெண்ணிக்கையின் வரம்புகளை அறியாத அலுவலர், எண்ணே இல்லாத அலுவலரைக் காட்டிலும் தவறான முடிவெடுக்கக்கூடும்.

முதலாவதாக, இயற்கை நீரிலுள்ள வைரஸ்களில் மிகப் பெரும்பாலானவை பாக்டீரியாவைத் தாக்குபவை; மனிதருக்குத் தீங்கு செய்யாதவை. மொத்த எண்ணிக்கை மிகுதியாக இருப்பதாலேயே நீர் நஞ்சென்று கொள்ளலாகாது. இரண்டாவதாக, மஞ்சள் காமாலை, போலியோ, நிபா ஆகியவற்றின் வைரஸ்கள் டி.என்.ஏ.க்கு மாறாக ஆர்.என்.ஏ.யை மரபுப்பொருளாகக் கொண்டவை. ஹெப்படைடிஸ்-ஏ, போலியோ போன்ற சிறிய வைரஸ்கள், மேலே கூறிய சாய முறையில் தென்படுவது அரிது. மூன்றாவதாக, கருவி துகளை எண்ணுகிறது, உயிர்த்தன்மையை எண்ணுவதில்லை. கொதிக்க வைத்த நீரிலும் குளோரின் கலந்த நீரிலும் செயலிழந்த வைரஸின் துகள் எஞ்சியிருக்கக்கூடும். போலியோ வைரஸில், நோய் உண்டாக்கவல்ல ஓர் அலகுக்குப் பல பத்துகள் முதல் பல நூறு துகள்கள் வரை இருப்பதுண்டு. நான்காவதாக, குடிநீரில் மிகச் சில வைரஸ்களே நோயுண்டாக்கப் போதும். அவற்றைப் பிடிக்கப் பெருமளவு நீரைச் செறிவாக்க வேண்டும்.

பயன்படும் இடம்

அப்படியாயின் இம்முறை பயன்படும் இடம் எது? வடிகட்டிகளைச் சோதிப்பதே முதன்மையானது எனலாம். சுத்திகரிப்பு நிலையத்துக்குள் நுழையும் நீரிலும் வெளிவரும் நீரிலும் வைரஸ் துகள்களை எண்ணினால், வடிகட்டி எவ்வளவைத் தடுக்கிறது என்பது அன்றே தெரிந்துவிடும். இதற்குத் தீங்கற்ற பாக்டீரியா வைரஸ்களே போதும். நோய் வைரஸைத் தேட வேண்டுவதில்லை. நீர்த்தூய்மைக் கருவிகள் 10,000 வைரஸ்களில் 9,999-ஐ நீக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வழிகாட்டு அளவு. ஒரு வடிகட்டியைக் கடந்து பெரிய வைரஸ்கள் ஏராளமாக வருமாயின், அது காமாலை வைரஸைத் தடுக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. பெரியவை நின்றுவிட்டன என்பதனாலேயே சிறியவையும் நின்றுவிட்டன என்று கொள்ளவும் இயலாது. ஆகவே, இச்சோதனை தரமற்ற கருவியைக் கண்டுபிடிக்கும். தரமான கருவிக்கு மேலும் சோதனை வேண்டும். பொதுப் பணத்தில் வடிகட்டிகளை வாங்கும் ஊராட்சிகளுக்கு இந்த முதற்கட்டச் சலிப்பே பெரும் சிக்கனம்.

இதற்கு வேண்டிய மனித ஆற்றல் நாட்டில் இல்லாமல் இல்லை. காசநோய்த் திட்டத்தின்கீழ் ஒரு லட்சம் மக்களுக்கு ஒன்று, மலைப்பகுதிகளிலும் பழங்குடியினர் பகுதிகளிலும் 50,000 பேருக்கு ஒன்று என்ற அளவில் நுண்ணோக்கி மையங்கள் அமைக்கப்பட்டன. அங்குள்ள பரிசோதகர், சளியில் கிருமி இருக்கிறது என்று எழுதுவதோடு நிற்பதில்லை. 100 பார்வைக்களங்களில் 10 முதல் 99 வரை இருந்தால் ஒரு கூட்டல் குறி, ஒரு களத்திற்கு ஒன்று முதல் பத்து வரை இருந்தால் இரண்டு, அதற்கு மேற்பட்டால் மூன்று எனத் தரம் பிரித்து எழுதுகிறார். அம்மையங்கள் பலவற்றில் ஒளிர்சாய நுண்ணோக்கிகளும் வழங்கப்பட்டன. மரபணுச் சோதனைகள் பரவி வரும் இந்நாளில், எண்ணிப் பழகிய அந்தக் கண்களையும் கைகளையும் வீணாக விடலாகாது. உயர்தர வில்லை, நுண்துளை வடிகட்டி, சாயம், முறையான பயிற்சி ஆகியவற்றை மாவட்ட நீர் ஆய்வகங்களுக்குக் கூடுதலாக வழங்குவது, மின்னணு நுண்ணோக்கிக்குரிய வெற்றிடமும் உயர்மின்னழுத்தமும் தனிக் கட்டடமும் அமைப்பதைவிட மிக எளிது.

நோய் கண்டறிதலில் படிநிலை முறையே பொருந்தும். 2018-இல் கோழிக்கோட்டில் நிபா தோன்றியபோது மாதிரிகள் மணிப்பாலுக்குச் சென்றன. புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனம் நோயை உறுதி செய்தது. 2025 ஜூலையில் பாலக்காடு மாவட்டத்திலேயே நிபா கண்டறியப்பட்டபோதும் புனேயின் உறுதிப்பாடு தேவைப்பட்டது. ஆலப்புழையிலும் தோன்னய்க்கலிலும் வைரஸ் ஆய்வு நிலையங்கள் இருப்பது தொலைவைக் குறைத்துள்ளது. இத்தகைய கொடிய வைரஸ்களை மாவட்ட ஆய்வகத்தின் ஒளி நுண்ணோக்கியிடம் ஒப்படைப்பது அறிவுடைமை ஆகாது. ஆனால், எதிர்ப்பொருள் கொண்டு தனித்துகளைப் பிடித்து எண்ணும் முறைகள் நம்பகத்தன்மையை மெய்ப்பிக்குமானால், முதற்கட்டச் சோதனை நோயாளிக்கு அருகிலேயே நிகழும் நாள் வரலாம். அதற்கு முன், அம்முறைகள் நம் நாட்டுத் தட்பவெப்பத்திலும், நம் ஆய்வகங்களின் தூசியிலும் மின்தடையிலும் சோதிக்கப்பட வேண்டும்.

மாணவர்களுக்கு இத்துறையில் மூன்று பணிகள் காத்திருக்கின்றன. இயற்பியல் பயில்பவர், குறைந்த செலவில் ஒளிக்கருவிகளை அமைக்க முயலலாம். உயிரியல் பயில்பவர், ஏரி, கிணறு, வாய்க்கால் நீரின் பருவகால எண்ணிக்கையைத் தொகுக்கலாம். புள்ளியியலும் பொருளாதாரமும் பயில்பவர், ஓர் எண் எவ்வளவு பிழையுடன் கூடியது, அதைப் பெற ஆகும் செலவு எவ்வளவு, அதனால் மாறும் முடிவு எது என்று கணக்கிடலாம். எந்த முடிவையும் மாற்றாத எண், பதிவேட்டை நிரப்புமேயன்றி மக்களுக்குப் பயன்படாது. அலுவலர்களும் ஒரு சோதனையைப் பரிந்துரைக்குமுன் இந்த மூன்றாவது வினாவை எழுப்புதல் வேண்டும்.

மணக்கடவில் அளந்து விடப்படும் நீர், சித்தூர்ப்புழையின் வழியே வயல்களையும் குடிநீர்த் தொட்டிகளையும் அடைகிறது. அந்நீரின் கன அடிக்கு ஒப்பந்தமும் பதிவேடும் கண்காணிப்பும் உள்ளன. பெருமாட்டியில் ஒரு தாய் தன் குழந்தைக்குக் கொடுக்கும் ஒரு குவளை நீருக்கும் அத்தகைய பதிவு வேண்டும். ஒளி நுண்ணோக்கி அப்பதிவேட்டின் எல்லாப் பத்திகளையும் நிரப்பிவிடாது. ஆயினும், 1955-இல் டில்லியில் வெறுமையாக விடப்பட்ட ஒரு பத்தியில் முதல் எண்ணை எழுத அது உதவும்.